மாங்காய் ஆயப்போய் விழுந்தவனுக்கு யார் பொறுப்பு?

வவுனிக்குளத்தான் எழுதியது:

வணக்கம் உறவுகளே. சட்டம் தெரிந்தவர்களும் தோட்டம் செய்பவர்களும் கொஞ்சம் பதில் சொல்லுங்கள். எங்கள் பக்கத்துக் காணியில் மாங்காய் ஆய வந்த பொடியன் ஒருவன் கொப்பு முறிந்து விழுந்துவிட்டான். இடுப்பெலும்பில் வெடிப்பு, மணிக்கட்டு முறிவு. உயிருக்குப் பயமில்லை. ஆனால் மூன்று மாதத்துக்குப் பாரம் தூக்கக்கூடாது என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். கைக்குழந்தை இருக்கிற வீடு. அன்றன்றாடம் உழைத்துத்தான் உலை வைக்கவேண்டும்.

ஆளை வேலைக்கு வைத்தது யார் என்பதே இப்போது பிரச்சினை. காணிக்காரர் லண்டனில். பார்த்துக்கொள்வது அவருடைய மச்சான். பூக்கிற நேரத்திலேயே மரங்களை ஒரு வியாபாரிக்குக் குத்தகைக்குக் கொடுத்தாயிற்று. வியாபாரி ஆயும் வேலையை ஆள் கூட்டி வருகிற இன்னொருவரிடம் விட்டிருக்கிறார். அவர்தான் பொடியனுக்குப் போன் எடுத்துக் கூப்பிட்டது. மச்சான் வியாபாரியைக் காட்டுகிறார், வியாபாரி ஆள் கூட்டி வந்தவரைக் காட்டுகிறார், அவரோ "நானும் கூலிக்காரன்தானே" என்கிறார். ஆஸ்பத்திரிச் செலவுக்கென்று வியாபாரி கொஞ்சக் காசைக் கொடுத்துவிட்டு, "கொப்பைப் பார்த்து ஏறவேண்டியது ஏறுகிறவன்" என்று சொல்லிப் போய்விட்டார்.

அந்தக் கொப்பில் குருவிச்சை என்ற ஒட்டுண்ணி பிடித்து வருடக்கணக்கு. கீழே நின்று பார்த்தாலே தெரியும். ஆனால் காய் கிடந்தது அந்தப் பக்கத்தில்தான்.

பூநகரிக் காற்று எழுதியது:

கவலையான செய்தி. ஆனால் ஒன்று சொல்லவேண்டும். எனக்கும் மா, கொய்யா, தேசி என்று கொஞ்சம் இருக்கிறது. மரம் என்றால் விழுவதும் உண்டு. எங்கள் அப்பு காலத்தில் விழாத ஆளா? விழுகிற ஒவ்வொருவனுக்கும் காணிக்காரன் கட்டவேண்டும் என்றால் ஒருவரும் மரம் வைக்கமாட்டார்கள், எல்லாரும் காணியைத் துண்டு போட்டு விற்றுவிட்டுப் போவார்கள். விலை கிடைக்காத வருடத்தில் ஆயக் கொடுக்கும் கூலியே கைக்காசு.

வவுனிக்குளத்தான் எழுதியது:

அண்ணை, காணிக்காரன்தான் கட்டவேண்டும் என்று நான் சொல்லவில்லை. யார் என்றுதான் கேட்கிறேன்.

கச்சேரிப் பேனை எழுதியது:

நான் சட்டத்தரணி இல்லை. தொழில் சம்பந்தமான கோப்புகளோடு நீண்டகாலம் வேலை செய்தவன் என்ற அளவில் எழுதுகிறேன்.

இலங்கையில் 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. இத்தனை பழைய சட்டம், ஆனால் தோட்டங்களில் கேட்டுப்பாருங்கள், கேள்விப்பட்டவர் அரிது. தொழிற்சாலைக்கான 1942ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் தோட்டத்துக்குப் பொருந்தாது, அதனால் கூலி ஆளுக்கு ஒன்றுமே இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். அது பிழை. நட்டஈட்டுச் சட்டம் வேறு, அதற்குத் தொழிற்சாலை தேவையில்லை. ஒருவர் தன்னுடைய தொழிலுக்காக, வியாபாரத்துக்காக ஆளை வைத்தாரா என்பதே கேள்வி. எழுத்தில் ஒப்பந்தம் இருக்கவேண்டும் என்றும் இல்லை. "நாளைக்கு வா, இவ்வளவு தருகிறேன்" என்ற வாய்ச்சொல்லும் ஒப்பந்தம்தான்.

உங்கள் கதையில் மாங்காய் வியாபாரம் குத்தகைக்காரருடையது. ஆய்வது அந்த வியாபாரத்தின் ஒரு பகுதி. நடுவில் ஆள் கூட்டி வருபவரை நிறுத்தினால் பொறுப்புக் கழன்றுவிடும் என்று அவர் நினைக்கலாம். தன் தொழிலின் வழமையான வேலையை இன்னொருவர் மூலம் செய்விக்கிறவரிடமும் தொழிலாளி நட்டஈடு கேட்கலாம் என்பதுதான் இந்தச் சட்டத்தின் போக்கு. மரத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு ஒதுங்கிய காணிக்காரரிடம் போவது அதைவிடக் கடினம். ஆகவே பூநகரி அண்ணை பயப்படவேண்டாம். ஆனால் நீங்களே ஆள் பிடித்து ஆய்ந்து சந்தைக்கு ஏற்றுகிறவர் என்றால் பயப்படத்தான் வேண்டும்.

"விழுந்தால் நான் பொறுப்பில்லை" என்று வேலைக்கு முன்னரே கையெழுத்து வாங்கி வைக்கிற ஆட்களும் இருக்கிறார்கள். அந்தக் கடதாசி செல்லாது.

பூநகரிக் காற்று எழுதியது:

குடிவெறியில் ஏறி விழுந்தாலுமா?

கச்சேரிப் பேனை எழுதியது:

வெறியாலேயே விழுந்தான் என்று காட்டினால், இறப்பு இல்லாத காயங்களுக்கு முதலாளி தப்பலாம். அதைக் காட்டவேண்டியவர் முதலாளி. முதல்நாள் பின்னேரம் கள்ளுத் தவறணையில் கண்டேன் என்பது காணாது. விபத்து நடந்த பிறகு கிளம்புகிற குடிக்கதைகளில் பாதி அந்த வகைதான்.

தாதி அக்கா எழுதியது:

எல்லாரும் சட்டம் பேசுகிறீர்கள். நான் வார்டில் இருந்து ஒன்று சொல்கிறேன், இதை விட்டால் சட்டமும் நிற்காது.

மரத்தால் விழுந்தவரை அனுமதிக்கும்போது "எங்கே, எப்படி நடந்தது" என்று கேட்டு எழுதுவோம். கூட வந்தவர் முந்திக்கொண்டு "வீட்டு மரத்தில் ஏறினவர்" என்று சொல்லிவிடுவார். நோயாளி வலியில் தலையாட்டுவார். சில பேருக்கு ஓட்டோவில் வரும்போதே சொல்லிக்கொடுத்துத்தான் கொண்டு வருகிறார்கள், "தோட்டம் என்று சொன்னால் பொலிஸ் வரும், வழக்காகும், உனக்குத்தான் அலைச்சல்" என்று. அந்த ஒரு வரி கட்டில் தலைமாட்டு அட்டையில் ஏறிவிடும். பிறகு துண்டு வெட்டி வீட்டுக்கு விடும்போதும் அதுதான் வரும். ஆறு மாதம் கழித்து வேலையிடத்து விபத்து என்று போய் நின்றால் எங்கள் கையெழுத்தே அவருக்கு எதிராக நிற்கும்.

தம்பி வவுனிக்குளத்தான், பொடியனின் அட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்று முதலில் பாருங்கள். ஆஸ்பத்திரிப் பொலிஸ் வாக்குமூலம் எடுத்திருந்தால் அதில் என்ன சொன்னார் என்றும் கேளுங்கள்.

அடுத்தது, ஆள் விழுந்தவுடன் தூக்கி நிமிர்த்தி இருத்தி, தண்ணீர் பருக்கி, மோட்டார் சைக்கிளில் நடுவில் வைத்துக் கொண்டு வருவதை நிறுத்துங்கள். விழுந்தவுடன் கால்விரலை ஆட்டிய ஒருவர், வரும் வழியில் ஆட்டமுடியாமல் போய் வந்ததைக் கண்டிருக்கிறேன். முள்ளந்தண்டு உடைந்திருக்கிறதா என்று தோட்டத்தில் நின்று ஒருவருக்கும் தெரியாது. விழுந்த இடத்திலேயே கழுத்தும் முதுகும் அசையாமல் படுக்க விட்டு 1990 அம்புலன்சுக்கு எடுங்கள். இலவசம். 2018இல் இருந்து வடக்கிலும் ஓடுகிறது. உள் ஒழுங்கைக்கு வண்டி வராது என்றால் கதவுப் பலகையில் நாலு பேர் ஒரே நேரத்தில் தூக்கி வைத்து றோட்டுக்குக் கொண்டு வாருங்கள். கை கால் முறிவுக்கு முறிவு நெரிவுப் பரியாரியிடம் போவது உங்கள் விருப்பம். முதுகும் கழுத்தும் அவரிடம் போகவே கூடாது.

முறிகண்டியாள் எழுதியது:

நான் மாங்காய் சீசனில் தோட்டத்தில் வேலைக்குப் போகிறவள். மரத்தில் ஏறுகிற ஆட்களைப் பற்றியே எழுதியிருக்கிறீர்கள். மரத்துக்குக் கீழே நிற்பது நாங்கள்.

ஏன் விழுகிறார்கள் என்று கேட்டால் கீழே நிற்கிறவளுக்குத்தான் நன்றாகத் தெரியும். முசுறு எறும்பு. சாம்பலைக் கையிலும் கழுத்திலும் பூசிக்கொண்டுதான் ஏறுவார்கள். கூடு இருக்கிற கொப்பில் காய் ஆயும் கொக்கத்தடி பட்டவுடன் பொலபொலவென்று கொட்டும். கண்ணிமையில் ஒன்று கடித்தால் எந்த மனிசனும் பிடியை விட்டுத்தான் கண்ணைத் துடைப்பான். அப்புறம் மே, யூன் சோளகம். எங்கள் மாங்காய்க் காலமும் அந்தக் காற்றும் ஒன்றாகத்தான் வரும். நுனிக்கொப்பில் ஆள் நிற்கும்போது ஒரு இழுவை இழுத்தால் கொப்பும் போய் ஆளும் போய்த் திரும்பி வரும். காற்று விழும்வரை இறங்கி நில் என்று ஒருவரும் சொல்லமாட்டார்கள். கூலி கூடைக் கணக்கு. நின்ற நேரத்துக்குக் காசில்லை. லொறி பின்னேரம் வந்து நிற்கும், அதற்குள் இத்தனை கூடை நிரம்பவேண்டும். காலையில் பனி ஈரத்தோடு பட்டை வழுக்கும்போதே ஏற்றிவிடுவதும் இதனால்தான்.

எங்களுக்கு வருவது வேறு. காம்பை விரல் நீளத்துக்கு விட்டு ஆய்ந்து போடுவார்கள். நாங்கள் இருந்து காம்பை முறித்து, பால் வடியக் கவிழ்த்து அடுக்கவேண்டும். முறிக்கிற நேரம் பால் சீறி அடிக்கும். கறுத்தக்கொழும்பானை முகத்துக்கு நேரே பிடித்து முறித்தால் தெரியும். பட்டவுடன் பெரிதாக எரியாது, தேங்காய் எண்ணெய் பூசிவிட்டு வேலையைப் பார்ப்போம். அடுத்தநாள் பார்த்தால் அந்த இடம் கறுத்துப் பொக்களம் போட்டிருக்கும். என் முழங்கைக்குக் கீழே அந்தத் தழும்பு வரிவரியாக இருக்கிறது. கண்ணில் பட்டு இரண்டு நாள் திறக்கமுடியாமல் இருந்தவளும் எங்கள் செட்டில் இருக்கிறாள். கையுறை கேட்டால் "மாங்காய் பிடிக்கக் கையுறையா" என்று சிரிப்பு.

ஆண் ஆளுக்கு ஒரு கூலி, எங்களுக்கு அதைவிடக் குறைய. காயம் பட்டால் மட்டும் இரண்டு பேருக்கும் ஒன்றுமில்லை.

தாதி அக்கா எழுதியது:

நன்றாக எழுதியிருக்கிறீர்கள் தங்கச்சி. பால் பட்டால் எண்ணெய் பூசுவதற்கு முன் சவர்க்காரமும் நிறையத் தண்ணீரும். கண் என்றால் சுத்தத் தண்ணீரைக் கால் மணித்தியாலமாவது ஊற்றி ஊற்றிக் கழுவிவிட்டு வாருங்கள். மாவும் கஜுவும் ஒரே குடும்பத்து மரங்கள். கஜுக்கொட்டைத் தோட்டு எண்ணெய் இதைவிட மோசமாகப் பொசுக்கும். கொண்டச்சிப் பக்கம் கஜு வேலை செய்கிறவர்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

தேசித் தோட்டக்காரர்களுக்கும் ஒன்று. முள் குத்தி முறிந்து விரல் மூட்டுக்குள் தங்கிவிட்டால், வெளிக்காயம் ஆறிய பிறகும் மூட்டு வீங்கி வீங்கி வற்றும். வாதம் என்று நினைத்து எண்ணெய் தேய்த்துக்கொண்டு திரிவார்கள். "முள் குத்தியது" என்று வைத்தியரிடம் சொல்லுங்கள், எக்ஸ்றேயில் முள் தெரியாது. ஏற்பு ஊசி எப்போது போட்டது என்பதையும் ஞாபகம் வையுங்கள்.

விசுவமடு பப்பாசி எழுதியது:

நான் பப்பாசியும் கொய்யாவும். எங்களிடம் ஒருவரும் மரத்தால் விழுவதில்லை, ஆனால் காயம் குறைவு என்று நினைக்காதீர்கள்.

புல்லு வெட்டும் மெசின்தான் எங்கள் எதிரி. நைலோன் நூலைக் கழற்றிவிட்டு இரும்புத் தகடு பூட்டுவார்கள், வேகமாக வெட்டுமாம். தகடு சரளைக் கல்லில் பட்டால் கல் எங்கே போகும் என்று கடவுளுக்குத்தான் தெரியும். எங்கள் பக்கத்தில் ஒருவருக்கு இடது கண் பார்வை போனது அப்படித்தான். வெட்டியது வேறு ஆள், அவர் தள்ளி நின்று பைப் பொருத்திக்கொண்டிருந்தவர். மெசினோடு வருகிற கண்ணாடி பெட்டியிலேயே கிடக்கும்.

அடுத்தது மருந்தடிப்பு. முதுகில் போடுகிற மருந்துத் தாங்கியின் மூடி வாசர் தேய்ந்திருக்கும், நடக்க நடக்க முதுகு வழியே வழியும். நனைந்த சேட்டோடு மத்தியானச் சோறு. மாவுக்கு அடிப்பவர்களுக்கு இன்னும் மோசம், அண்ணாந்து அடிக்கவேண்டும், அடித்தது முகத்திலேயே திரும்பி விழும். பரகுவாட், டைமெதோயேட் எல்லாம் இங்கே 2008இல் தொடங்கிப் படிப்படியாகத் தடை செய்தாயிற்று. ஆனால் கடலால் கள்ளமாக வருகிற போத்தல்களில் என்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? லேபிளைக் கிழித்துத்தான் கொடுக்கிறார்கள்.

தாதி அக்கா எழுதியது:

லேபிள் இல்லாவிட்டாலும் போத்தலைக் கொண்டு வாருங்கள். வியர்த்துக் கொட்டி, வாயில் நீர் வடிந்து, கண்மணி ஊசிமுனையாகச் சிறுத்து, தசை துடித்துக்கொண்டு வந்தால் எந்த வகை மருந்து என்று எங்களால் ஊகிக்கமுடியும். ஆனால் போத்தல் இருந்தால் நேரம் மிச்சம். உடுப்பை அந்த இடத்திலேயே கழற்றிவிட்டு உடம்பைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். தூக்குகிறவர்களும் கையைக் கழுவவேண்டும்.

இன்னொன்று, விழுந்த பழம் பொறுக்கும்போது சருகுக்குள் வெறுங்கையை விடாதீர்கள். புடையன் படுக்கிற இடம் அது. கடித்தால் இறுக்கிக் கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது ஒன்றும் வேண்டாம். மோதிரம், கொலுசைக் கழற்றிவிட்டு, கடிபட்ட கையைக் காலை அசைக்காமல் கொண்டு வாருங்கள். பாம்பை அடித்துச் சொப்பிங் பையில் போட்டுக்கொண்டு வருவார்கள், அதை அடிக்கப்போய் இரண்டாவது ஆளும் கடி வாங்கி வருவார். போனில் ஒரு படம் காணும், அதுவும் தூரத்தில் நின்று எடுக்கமுடிந்தால் மட்டும். எப்படியும் நாங்கள் கண்ணாடிக் குழாயில் கொஞ்ச இரத்தம் எடுத்து ஆட்டாமல் 20 நிமிடம் வைத்து உறைகிறதா என்று பார்ப்போம். உறையாவிட்டால் விசம் ஏறியிருக்கிறது. விசகடிப் பரியாரி வீட்டு வாசலில் காத்திருக்கிற ஒரு மணித்தியாலம்தான் பின்பு சிறுநீரகத்தில் காட்டும்.

மாங்குளம் சந்தி எழுதியது:

வேறு ஊர்க்காரர்கள் எழுதாத ஒன்றை நாங்கள் எழுதவேண்டும். தோட்டத்தில் சருகைக் கூட்டி எரிக்கும்போது கவனம். மிதிவெடி எடுத்து மேல்மண்ணைத் துப்புரவாக்கிய காணியிலும் ஆழத்தில் கிடந்த வெடிபொருள் மழைக்கு மேலே வரலாம். புதிதாக மரக்கன்று வைக்கக் கிடங்கு வெட்டும்போதும் அப்படித்தான். துருப்பிடித்த எதுவும் மண்வெட்டியில் தட்டுப்பட்டால் தோண்டிப் பார்க்காதீர்கள், இரும்புக்காரனுக்கு விற்கலாம் என்று எடுக்காதீர்கள். ஒரு தடியை நட்டுவிட்டுக் கிராம சேவகருக்கோ பொலிசுக்கோ சொல்லுங்கள்.

மரத்தால் விழுந்து இடுப்புக்குக் கீழே இயங்காமல் போனவர்கள் வீட்டுக்குள்ளேயே கிடந்து படுக்கைப்புண்ணால் போய்ச் சேருகிறார்கள். எங்கள் ஊரில் உயிரிழை அமைப்பு இருக்கிறது. போரில் முள்ளந்தண்டு அடிபட்டவர்கள் தங்களுக்காக நடத்துவது. படுக்கைப்புண்ணை எப்படிப் பார்ப்பது, சக்கர நாற்காலிக்கு எப்படி மாறுவது என்பதெல்லாம் அனுபவப்பட்டவர்களிடம் கேட்பதே வேறு.

ஸ்காபரோ சிவப்பு எழுதியது:

இங்கே ஒன்ராறியோவில் நயாகரா பக்கம் பீச் தோட்டங்களில் பருவகாலத் தொழிலாளர்களாக மெக்சிக்கோ, ஜமேக்காவில் இருந்து வருகிறவர்களுக்கும் வேலைக்காயக் காப்புறுதி உண்டு. முதலாளிதான் கட்டவேண்டும். ஏணிக்கு மூன்று கால், மேடு பள்ளத்திலும் ஆடாது. அங்கேயும் எல்லாருக்கும் தலைக்கவசம், இடுப்புப்பட்டி, பயிற்சி என்று கட்டாயமாக்கினால் என்ன?

முறிகண்டியாள் எழுதியது:

அண்ணா, கட்டாயமாக்குகிறது நல்லதுதான். முதலில் குடிக்கத் தண்ணீர் வைக்கச் சொல்லுங்கள்.

ஸ்காபரோ சிவப்பு எழுதியது:

சரி, கோபிக்கவேண்டாம். மூன்றுகால் ஏணியை மட்டும் யோசியுங்கள். எந்த ஒட்டுக்கடைக்காரரும் செய்து தருவார். படம் போடுகிறேன்.

வரம்பு எழுதியது:

நான் ஓய்வுபெற்ற விவசாயப் போதனாசிரியர். ஏணியைப் பற்றிப் பேசுவதற்கு முன் மரத்தின் உயரத்தைப் பற்றிப் பேசவேண்டும் என்பது என் கட்சி. பழைய கறுத்தக்கொழும்பான், அம்பலவி மரங்களை முப்பது நாற்பது அடிக்கு விட்டுவிட்டு, ஏறுகிறவன் கவனமாக ஏறவேண்டும் என்பது சரியில்லை. ஆய்ந்து முடிந்ததும், மாரிக்கு முன்னர், நடுக்கொப்பைக் குறைத்து வெளிச்சம் விழச் செய்யுங்கள். முழு மரத்தையும் ஒரே தரத்தில் மொட்டையடித்தால் இரண்டு வருடம் காயில்லை, அதற்குப் பயந்துதான் ஒருவரும் வெட்டுவதில்லை. வருடத்துக்கு மூன்றில் ஒரு பங்கு என்று இறக்குங்கள். குருவிச்சையும் கறையான் தின்ற கொப்பும் அந்த வெட்டிலேயே போய்விடும். புதிதாக வைக்கிறவர்கள் ரொம் ஈஜேசி போன்ற மா இனத்தை நெருக்கி நட்டு ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே வைத்திருந்தால் நிலத்தில் நின்றே ஆயலாம்.

இதில் சிக்கல் குத்தகை. ஒரு சீசனுக்கு எடுத்த வியாபாரி மரத்தை வெட்டிப் பராமரிக்கமாட்டார், அவருக்கு அடுத்த வருடம் நிச்சயமில்லை. காணிக்காரர் வெளிநாட்டில். மூன்று வருடக் குத்தகை கொடுத்து, கொப்பு வெட்டுவதை அதில் எழுதினால் என்ன? ஆய வருகிறவர்களின் விபத்துக்கு யார் பொறுப்பு என்பதையும் அதே கடதாசியில் ஒரு வரியாக எழுதலாம்.

கொக்கத்தடிக்கு இரும்புப் பைப்பும் அலுமினியப் பைப்பும் வேண்டவே வேண்டாம். வேலி ஓரத்து மரத்துக்கு மேலே மின்கம்பி போகிற காணிகள் எத்தனை? மூங்கில் பாரம் என்றால் பைபர் தடி வாங்குங்கள்.

பூநகரிக் காற்று எழுதியது:

வரம்பு ஐயா சொன்னது சரி. மூன்று வருடக் குத்தகை என்றால் நானும் யோசிப்பேன். ஆனால் வியாபாரிகள் சம்மதிக்கவேண்டுமே. இப்போதே காய் பாதி உதிர்ந்துவிட்டது என்று முற்பணத்தில் கை வைக்கிறார்கள்.

கள்ளுச் சீவுகிற தொழிலாளருக்காவது ஒரு சங்கம் இருக்கிறது, விழுந்தால் போய்ச் சொல்ல ஒரு கதவு. மாங்காய் ஆய்கிற பொடியன்களுக்கு அதுவும் இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

மட்டறுத்துநர்:

வியாபாரியின் பெயரும் தொலைபேசி இலக்கமும் போட்ட இரண்டு பதிவுகள் நீக்கப்பட்டுள்ளன. பெயர் வேண்டாம், விசயத்தை எழுதுங்கள்.

வவுனிக்குளத்தான் எழுதியது:

பதில் எழுதிய எல்லாருக்கும் நன்றி. தாதி அக்கா சொன்னபடி அட்டையைப் பார்த்தோம். நல்லகாலம், "தோட்டத்தில் மாங்காய் பறிக்கும்போது" என்றே எழுதியிருக்கிறது. அவனுடைய மனைவிதான் கூடப் போனது, அவள் உள்ளதைச் சொல்லியிருக்கிறாள். அன்று கூட ஆய்ந்த இருவர் கையெழுத்து வைக்கச் சம்மதம். மூன்றாவது ஆள் அடுத்த சீசனுக்கும் அதே வியாபாரியிடம் போகவேண்டும் என்று பின்வாங்கிவிட்டான், அவனைக் குறை சொல்லமுடியாது. முறிந்த கொப்பை மச்சான் விறகுக்கு வெட்டப் பார்த்தார், அதற்கு முன் போனில் படம் எடுத்து வைத்தாயிற்று.

வியாபாரிக்கு விசயம் போய்விட்டது போல. நேற்று ஆள் விட்டு, முன்பு கொடுத்ததைப்போல் இன்னொரு மடங்கு தருகிறேன், வெற்றுத்தாளில் ஒரு கையெழுத்து மட்டும் போடச் சொல்லு என்று கேட்டிருக்கிறார்.

கச்சேரிப் பேனை எழுதியது:

வெற்றுத்தாளில் கையெழுத்து எந்த நிலையிலும் வேண்டாம். காசு தந்தால் வாங்கலாம், "இன்ன திகதி, இவ்வளவு, சிகிச்சைச் செலவுக்கு" என்று எழுதி வாங்கட்டும், பிரதி ஒன்றைத் தன்னிடம் வைத்திருக்கட்டும். அதோடு விபத்து நடந்த விபரத்தை எழுதி வியாபாரிக்குப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம், பிரதி தொழிலாளர் நட்டஈட்டு ஆணையாளருக்கு. மாவட்டத் தொழில் அலுவலகத்தில் படிவம் கேளுங்கள். தற்காலிகமாக வேலை செய்யமுடியாத காலத்துக்கு அரைமாதக் கொடுப்பனவு என்ற முறை சட்டத்தில் இருக்கிறது. மணிக்கட்டு பழையபடி மடங்காமல் போனால் நிரந்தர இயலாமைக்கு வேறு கணக்கு. அதனால் கிளினிக் ஒன்றையும் தவறவிடாமல் போகச் சொல்லுங்கள். காலவரையறை உண்டு, பொங்கலுக்குப் பிறகு பார்க்கலாம் என்று இழுக்கவேண்டாம்.

வவுனிக்குளத்தான் எழுதியது:

நன்றி ஐயா. கடிதத்தை நானே எழுதுகிறேன், அனுப்ப முதல் உங்களுக்குத் தனிமடலில் போடட்டுமா?

கச்சேரிப் பேனை எழுதியது:

ஓம், போடுங்கள். கூலி நாளொன்றுக்கு எவ்வளவு, கூடைக்கு எவ்வளவு, சீசனில் வழமையாக எத்தனை கூடை என்பதையும் கேட்டு எழுதுங்கள். கணக்கு அதில் இருந்துதான் தொடங்கும்.

விசுவமடு பப்பாசி எழுதியது:

ஸ்காபரோ அண்ணை, அந்த மூன்றுகால் ஏணிப் படம் இன்னும் வரவில்லை.